கடைசி வீட்டுச் சொட்டு

2025 யூன் 15, ஞாயிறு

இன்று மருந்து நாள். பெட்டி பிடிக்க ஆள் வேண்டுமென்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் மாதர் சங்கத்தில் கோழி வளர்ப்பது ஒன்பது வீடுகள். எல்லோருக்கும் ஒரே நாளில்தான் குஞ்சு இறங்கியது, வீட்டுக்கு ஐம்பது. கம்பரோ என்கிற கோழி வருத்தத்துக்கான தடுப்பு மருந்து ஐந்நூறு குஞ்சுக்குரிய குப்பியாகத்தான் கிடைக்கிறது. ஒரு வீட்டுக்கென்று தனியாக எடுக்க ஏலாது. ஆகவே ஒரு குப்பியைத் திறந்து தண்ணீரில் கலந்து, மீன்காரரிடம் வாங்கிய ஐஸ்கட்டிகளுக்கு நடுவே சூடு ஏறாத ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, சைக்கிளில் கட்டி வீடு வீடாகப் போகவேண்டும். ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் ஒரு சொட்டு. ஸ்கந்தபுரத்தில் அம்மாவின் பெயரைச் சொல்லி, விமலேஸ்வரி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். மருந்தக்கா வீடு என்றால் சின்னப் பிள்ளையும் காட்டும்.

வீட்டுக்கு வீடு தேத்தண்ணி. குடிக்காமல் எழும்பினால் குறை நினைப்பார்கள். கமலாசனி அக்கா என்னைப் பார்த்து, "நாலு வருசம் கம்பஸிலை படிச்சது ஐஸ் பெட்டி பிடிக்கவோ பிள்ளை?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படியான கேள்விகளுக்கு எனக்குப் பதில் வருவது வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான்.

கடைசி வீடு எங்களது. எப்போதும் அப்படித்தான். "அகப்பை பிடிக்கிறவள் முதல் தன்ர கோப்பைக்கு வாக்கலாமோ?" என்பது அம்மாவின் நியாயம். வந்து சேர உச்சி வெய்யில். ஐஸ் முழுவதும் தண்ணீராகிக் குப்பி அதில் மிதந்தது. குப்பியைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி, கடைசிக் குஞ்சு வரைக்கும் இழுத்து முடித்தார்.

இரவு சாப்பிடும்போது கூட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "எல்லாம் சுறுசுறுப்பாய் நிக்குதுகள்" என்றார். முன்பெல்லாம், "என்ர கையிலை ஒண்டும் தங்காது" என்று எதற்கெடுத்தாலும் சொல்வார். கோழி வளர்க்கத் தொடங்கிய பிறகு அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

யூன் 19, வியாழன்

கிளிநொச்சிக்குப் போய் இன்னொரு வேலைக்கு விண்ணப்பம் கொடுத்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், "தங்கச்சி, எனக்கு அவசரம்" என்று முன்னால் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். நான் விலகி இடம் விட்டேன். அம்மாவின் மகள்.

யூன் 25, புதன்

பின்னேரம் தீன் கொண்டுபோனபோது குஞ்சுகள் ஓடிவரவில்லை. வழமையாகக் காலில் ஏறி மிதிக்கும். இன்று பாதிக்கு மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. மழையே இல்லை, ஆனால் நனைந்ததுபோல இறகு சிலிர்த்திருந்தது. சில, சொண்டை உமியில் குத்திக்கொண்டு கண்மூடி நின்றன. சுண்ணாம்புத் தண்ணீர்போல எச்சம்.

அம்மா ஒன்றைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துப் பார்த்தார். "சூட்டுக்குத்தான். ராத்திரி காத்தில்லை" என்றார். அவருடைய குரல் அதை நம்பவில்லை.

யூன் 26, வியாழன்

விடிய ஒன்பது செத்துக் கிடந்தன.

மத்தியானத்துக்குள் இன்னும். எண்ண மனமில்லை.

யூன் 27, வெள்ளி

செத்த குஞ்சுகள் மூன்றைப் பைக்குள் பை போட்டுக் கட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வயதான மனுசி, "என்ன பிள்ளை, மீனோ?" என்று கேட்டா. தலையாட்டினேன். மீன் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல.

டொக்டர் ஸஹீலா வவுனியாவில் இருந்து தினமும் வருகிறவர். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மிருக வைத்தியக் கந்தோருக்குப் பின்னால் சீமெந்துத் தட்டில் வைத்து வெட்டினார். தொடை இறைச்சியில் சிவப்புச் சிவப்பாய்க் கோடு. எச்சவாய்க்கு மேலே, எல்லாக் குஞ்சுக்கும் இருக்கிற சின்ன முடிச்சு ஒன்றைக் காட்டினார். நோயை எதிர்க்கிற பலம் அதற்குள்தான் வளருமாம். மாபிள் குண்டு அளவு வீங்கி, மேலே மஞ்சள் கூழ் பூசினது போலிருந்தது.

கம்பரோதான்.

"மருந்து போட்டனீங்களோ?"

ஓம் என்றேன்.

காலமை கலந்ததா, ஆர் கலந்தது, எத்தனை வீடு, எங்கள் வீட்டுக்கு எப்போது போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மெல்ல மெல்லச் சொன்னேன். கடைசி வீடு, மத்தியானம் என்றதும் கத்தியைக் கீழே வைத்தார்.

குப்பிக்குள் இருப்பது உயிருள்ள மருந்தாம். தூளாக இருக்கும்வரை உறங்கும். தண்ணீர் பட்டால் விழிக்கும், பிறகு ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் இரண்டு. சூடு பட்டால் அதுவும் இல்லை. வீரியம் கூடின கிருமி மருந்தையும் மீறி வருவதுண்டு, தாய்க்கோழியின் எதிர்ப்புச் சக்தி குஞ்சில் மிச்சமிருந்தாலும் மருந்து பிடிக்காமல் போகலாம், ஆகவே இதுதான் காரணம் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் மற்ற வீட்டுக் குஞ்சுகள் எப்படி என்று கேட்டார். முதல் வீடுகளில் ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்ப உங்கடை வீட்டுக்குப் போட்டது வெறும் தண்ணி, தங்கச்சி." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அம்மாவிலை பிழை இல்லை. குப்பி பெரிசு, வீடுகள் சின்னன். அவ்வளவுதான்."

குணமாக்க மருந்து இல்லை. குளுக்கோஸ் தண்ணீர், சூடு, சுத்தம். வேறு வீட்டுக் கூடுகளுக்குப் போகவேண்டாம் என்றார்.

வீட்டில் அம்மா வாசல் படலையிலேயே நின்றா. நோயின் பெயரைச் சொன்னேன். மருந்து போட்டாலும் சிலவேளை வருமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப என்ர கைதான்" என்றா அம்மா.

யூன் 29, ஞாயிறு

மஞ்சள், வேப்பிலை, குளுக்கோஸ். ஒவ்வொன்றின் சொண்டையும் விரித்து அம்மா கரண்டியால் பருக்குகிறா. கரண்டிக்குள்ளேயே தலை சாய்கிறது. சாய்ந்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறா. அழவில்லை. நான்தான் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

யூலை 1, செவ்வாய்

இன்றுதான் சாவு மிகக் கூட. வளவின் பின்பக்கம் குஞ்சு புதைக்கிற கிடங்கை ஆழப்படுத்தினேன், நாய் கிண்டாமல். அம்மா ஒவ்வொன்றாகத் தந்தா, நான் வைத்தேன். சுண்ணாம்பு தூவினோம். ஒன்று கிடங்குக்குள் காலை அசைத்தது. வெளியே எடுத்தேன். மடியில் வைத்திருந்தேன். பிறகு அதையும்

யூலை 3, வியாழன்

பிரேமிளா வீட்டிலும் பரவிவிட்டது. மருந்து போட்ட வரிசையில் எங்களுக்கு முந்தின வீடு அது. அவவின் குஞ்சுகளில் பாதிக்குக் கிட்டப் போய்விட்டன. கைக்குழந்தையோடு வேலியில் வந்து நின்று, உள்ளே வராமல், என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னா: "நீங்கள்தானே தொட்டனீங்கள், மருந்தக்கா. உங்கடை வீட்டு வருத்தம் உங்கடை கையாலைதான் வந்தது."

அம்மா மறுத்திருக்கலாம். அன்று எங்கள் குஞ்சுகளைத் தொட முதலே பிரேமிளா வீட்டு வேலையை முடித்துவிட்டா. எங்கள் வீட்டில் நோய் வந்த பிறகு படலை தாண்டவே இல்லை. ஆனால், "ஓம் பிள்ளை, அப்பிடித்தான் இருக்கும்" என்றா.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பிரேமிளா போய்விட்டா.

யூலை 6, ஞாயிறு

கமலாசனி அக்கா வந்தார். அவருடைய குஞ்சுகளுக்கு ஒன்றுமில்லை. அவர் வீட்டில்தான் அன்று குப்பி திறந்தது. படலைக்கு வெளியே நின்று வெய்யிலைப் பற்றி, கௌபிப் பயறு விலையைப் பற்றி எல்லாம் கதைத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு நான் பெட்டியை வச்சிருக்கிறன் விமலா. சனம் ஒருமாதிரிக் கதைக்குது. உனக்கும் அலைச்சல் இல்லை" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. மருந்தக்கா என்று சொல்லாமல் விமலா என்றும் கூப்பிட்டார்.

பெட்டியை அம்மா சோடா போட்டுக் கழுவி வெய்யிலில் காய வைத்தா. சொட்டு விடுகிற குழாயைச் சுடுதண்ணீரில் அவித்து, புதுத் துணித்துண்டில் சுற்றி உள்ளே வைத்தா. படலைக்கு மேலால் கொடுத்தா.

பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சும்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அடுப்பில் நெருப்பில்லை.

யூலை 9, புதன்

ஏன் நான் சொல்லாமல் இருக்கிறேன்?

பயமா? வெட்கமா? அம்மா என்னிடம் கோபிக்கப் போவதில்லை. இன்று தண்ணீர் அள்ளும்போது எனக்கே விளங்கியது. எழுதிவிடுகிறேன், இங்கே மட்டும்.

2009, போரின் கடைசி மாதங்கள். வலைஞர்மடம். எனக்கு ஒன்பது வயது, தம்பி சாருஜனுக்கு இரண்டு முடியவில்லை. அப்பா அதற்கு முதலே இல்லை. எங்கள் பக்கத்துத் தறப்பாள் கொட்டில்களுக்கு ஒரு கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். வார்க்கிற அகப்பை அம்மாவின் கையில். வரிசையில் நிற்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வார்த்த பிறகுதான் எங்களுடைய தகரப் பேணி. அடியில் கிடக்கிறதை வழித்து, தண்ணீர் விட்டுக் கலக்கித் தருவா. கஞ்சியின் நிறம் இருக்கும். சோறு இராது. நான் குடித்துவிடுவேன். தம்பி துப்புவான்.

வயிற்றோட்டத்தில்தான் அவன் போனான். ஷெல் பட்டு அல்ல. அதனால் எங்கள் வீட்டில் அந்தச் சாவைப் பற்றிச் சொல்ல ஒரு கதைகூட இல்லை. "என்ர கையிலை ஒண்டும் தங்காது" என்பது மட்டும்தான்.

மருந்தைப் பற்றிச் சொன்னால் கஞ்சியைப் பற்றிக் கேட்பா. கட்டாயம் கேட்பா.

கை ராசியில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுசி சீவிக்கலாம். தன் நல்ல மனசால்தான் பிள்ளை போனது என்று தெரிந்தால்?

தெரியவில்லை. தெரியவில்லை.

யூலை 13, ஞாயிறு

சாவு நின்றுவிட்டது. ஏழு மிச்சம். கூடு இப்போது மிகப் பெரிதாகத் தெரிகிறது.

யூலை 20, ஞாயிறு

சங்கக் கூட்டம். அம்மா வரமாட்டேன் என்றா. பிறகு சேலை மாற்றிக்கொண்டு வந்து, பின்வரிசை வாங்குப் பலகையில் கதவோரம் இருந்தா. முன்பு எப்போதும் முன் கதிரை.

அடுத்த குஞ்சு வரும்போது மருந்து யார் போடுவது என்ற கதை வந்தது. கமலாசனி அக்காவுக்குக் கண் தெளிவில்லை, சொட்டு வெளியே போய்விடும். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். யாரோ ஒருத்தி, "ஆரெண்டாலும் பரவாயில்லை, கை ராசியான ஆளாப் பாருங்கோ" என்றா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருந்தது திரும்பிப் பார்த்ததைவிட மோசம்.

நான் எழும்பினேன். எழும்பியதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பிழை கையிலை இல்லை" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

"பலமாச் சொல்லு பிள்ளை" என்றார் கமலாசனி அக்கா. "வாயைக் கட்டியோ கம்பஸாலை அனுப்பினவங்கள்?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உதவியது. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். தண்ணீர் பட்டால் மருந்து விழிக்கும், பிறகு வெய்யிலில் செத்துப்போகும் என்று. எந்த வீட்டில் முதல் போட்டது, எந்த வீட்டில் பிறகு போட்டது என்று நினைத்துப் பாருங்கோ என்றேன். முதல் வீடுகளில் ஒன்றும் சாகவில்லை. பிரேமிளா அக்கா வீட்டில் பாதி. எங்கள் வீட்டில் ஏழுதான் மிச்சம். நிறுத்தினால் பிறகு தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

"அம்மா தன்ர வீட்டைக் கடைசியா வச்சவா. அவவின்ர கையாலை போட்ட சொட்டிலைதான் உங்கடை குஞ்செல்லாம் உயிரோடை நிக்குது."

பிரேமிளா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு இருந்தா. நான் அம்மாவைப் பார்க்கத் துணியவில்லை. கடைசியில் பார்த்தேன். வாங்கில் இல்லை. வெளியே குழாயடியில், எல்லோரும் குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தா.

யூலை 21, திங்கள்

காலையில் அம்மா புட்டு அவித்தா. எனக்குப் போட்டுவிட்டு எதிரே குந்திக்கொண்டு இருந்தா. தனக்குப் போடவில்லை.

"உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

ஓம் என்றேன்.

நான் புட்டைப் பிசைந்தேன், சாப்பிட முடியவில்லை. அடுத்த கேள்வி வரப்போகிறது என்று தெரியும்.

"அப்ப சாருஜனுக்கு வாத்த கஞ்சியும்..." என்றா. "அதுவும் அப்பிடித்தானோ பிள்ளை? வெறும் தண்ணியோ?"

பதினாறு வருசத்தில் தம்பியின் பெயரை அம்மாவின் வாயால் நான் கேட்டதில்லை.

"இல்லையம்மா. அவனுக்கு வருத்தம். எல்லாப் பிள்ளையளுக்கும் வந்ததுதானே. நல்ல கஞ்சி குடிச்ச பிள்ளையளும் செத்ததுகள்."

அதுவும் உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காக நான் சொல்லவில்லை.

அம்மா தலையாட்டினா. படித்த பிள்ளை சொல்கிறது என்று நம்பினாவோ, தன் பிள்ளை பொய் சொல்லுகிறது என்று தெரிந்து விட்டுவிட்டாவோ. என் சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன புட்டை எடுத்துத் தின்னத் தொடங்கினா. எனக்குப் புதிதாகப் போட்டுத் தந்தா. சுடச்சுட.

நான் முதலே அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கு முன்னால் அல்ல.

ஓகஸ்ட் 18, திங்கள்

மிஞ்சிய ஏழும் போய்விட்டன. இந்தமுறை வேறு வருத்தம். அதற்கும் மருந்து போட்டிருந்தோம். கம்பரோவில் தப்பின கோழிக்குப் பிறகு மற்ற மருந்தும் சரியாகப் பிடிக்காது என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார்.

அம்மா, "சரி" என்று மட்டும் சொன்னா.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

கூட்டைச் சுத்தப்படுத்தி முடித்தோம். உமியை அள்ளி எரித்தது, நிலத்தைச் சுரண்டியது, சுண்ணாம்பு அடித்தது. கிருமி மாதக்கணக்கில் கிடக்குமாம். புதுக் குஞ்சு விடுவதைத் தைப்பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டொக்டர். சுண்ணாம்பு அடித்த கூடு, வெள்ளை வெளேரென்று, யாரோ குடிவரப் போகிற வீடு போல நிற்கிறது.

பின்னேரம் கமலாசனி அக்கா சைக்கிளில் வந்தார். பின்னால் ரெஜிபோம் பெட்டி. இறக்கி வாசலில் வைத்தார். "எனக்கு உந்த ஐஸ் வேலை சரிவராது, மருந்தக்கா" என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. துணிச்சுற்றைக்கூட அவிழ்க்காமல் குழாய் அப்படியே இருந்தது.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

புதுக் குஞ்சுகளுக்கு மருந்து நாள். எங்களுக்குக் குஞ்சில்லை. ஆனாலும் அம்மா விடிய எழும்பிக் குளித்து, போன முறை போலவே வெளிக்கிட்டா.

சங்கத்தில் இப்போது இரண்டு குப்பி என்று முடிவு. ஒன்றைத் தொடக்கத்தில் திறப்பது, மற்றதை நாலு வீடு முடிந்த பிறகு. முதல் வீடு பிரேமிளாவுடையது. குசினிக்குப் பின்னால் புதுக் கூடு கட்டியிருக்கிறா. தேத்தண்ணியோடு வந்து நின்று, "முதல் குடியுங்கோ மருந்தக்கா, பிறகு போடலாம்" என்றா. அம்மா குப்பியைக் கலக்கிக்கொண்டே, "தேத்தண்ணி காத்திருக்கும் பிள்ளை, இது காத்திராது" என்றா. எல்லா வீட்டிலும் அதையே சொன்னா. ஒருவரும் குறை நினைக்கவில்லை. நான்தான் எல்லா வீட்டுத் தேத்தண்ணியையும் குடித்தேன்.

கமலாசனி அக்கா வீடு இந்தமுறை கடைசி. முடித்து வெளிக்கிட்டபோது ஐஸ் இன்னும் கட்டியாகவே கிடந்தது.

வீட்டுக்கு வந்து நான் சைக்கிளைச் சாத்திவிட்டு முகம் கழுவப் போனேன். மிஞ்சின மருந்தை அவித்து மண்ணுக்குள் தாழ்க்க வேண்டும், அடுப்பு மூட்டலாம் என்று குசினிக்குப் போனால் அம்மா அங்கே இல்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை.

கூட்டடியில் நின்றா. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு கையில் குப்பி, மற்றக் கையில் குழாய். கடைசி வீட்டுக்கு வந்த பழக்கத்தில் கால் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது போல. உள்ளே சுண்ணாம்பு வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. குப்பியை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தா.

"இந்தமுறை மிச்சம் கிடக்குது பிள்ளை" என்றா.